இருபத்துமூன்றாம் போர்ட்

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்ட பிறகும் அப்பா தினமும் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தார். இது எங்கள் வீட்டில் ரகசியம் இல்லை. ஓய்வுக் கடிதம் வந்த அன்று அவரே அதை அம்மாவிடம் படித்துக் காட்டினார். மறுநாள் காலை வழக்கம்போலக் குளித்து, சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டுக்கொண்டு வந்து நின்றார். அம்மா ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். பிறகு டிஃபன் கேரியரில் கீழடுக்கில் தயிர்சாதமும் மேலடுக்கில் உருளைக்கிழங்கு கறியும் வைத்து மூடிக் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான். அதைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை.

கல்கத்தாவில், அலிப்பூரில் இருந்தது அந்த ஆபீஸ். ஒரு பொதுத்துறைக் கம்பெனி. ஆட்களைக் குறைக்கிறோம் என்று சொல்லிப் பாதிப் பேரை அனுப்பியிருந்தார்கள். ஆட்கள்தான் போனார்களே தவிர, மேஜைகள் எல்லாம் அப்படியே இருந்தன. பில் செக்‌ஷனில் ஜன்னலை ஒட்டியிருந்த தன்னுடைய பழைய மேஜையிலேயே அப்பா போய் உட்கார்ந்துகொள்வார். யாரும் எழுப்பவில்லை. செக்‌ஷனின் தலைமை குமாஸ்தாவை எல்லாரும் பொரோபாபு என்பார்கள். அவர் ஒரு கட்டு பில்லை அப்பாவின் பக்கம் நகர்த்துவார், அப்பா அதைக் கம்ப்யூட்டரில் சரிபார்த்துக் கொடுப்பார். சம்பளம் கிடையாது, கையெழுத்துக் கிடையாது, மண் கோப்பையில் டீ மட்டும் உண்டு. பொரோபாபுவுக்கு இளகிய மனசு என்பாள் அம்மா. ஓசியில் ஒரு குமாஸ்தா கிடைத்தால் என் மனசும்தான் இளகும் என்பேன் நான். அம்மாவுக்கு அது பிடிக்காது.

நான் அப்போது நெட்வொர்க் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். பெரிய ஆபீஸ்களுக்குக் கேபிள் இழுத்து, ஸ்விட்ச் வைத்து, பராமரிப்பும் பார்க்கிற கம்பெனி. லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடி வாங்கப் போனால் மாமிகள் என்ன வேலை என்று கேட்பார்கள். ஸ்விட்ச் என்றால் லைட் ஸ்விட்ச் என்று நினைத்துக்கொண்டு, பெண்பிள்ளைக்கு இந்த எலக்ட்ரீஷியன் வேலை எதற்கு என்று கவலைப்படுவார்கள். கடைசியில் 'கம்ப்யூட்டர்' என்று சொல்லித் தப்பிப்பதே வழக்கமாகிவிட்டது.

அந்த வருஷங்களில் எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் பெரிதாகத் தோன்றியதாக எனக்கு நினைவில்லை. சண்டை இல்லை. சிரிப்பும் குறைவு. சாயங்காலம் டிவி ஓடும், மூன்று பேரும் அதைப் பார்ப்போம், முடிந்ததும் என்ன பார்த்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்பாவுக்காக நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். கோபமாவது வந்திருக்க வேண்டும், எனக்குக் கோபம் சட்டென்று வரக்கூடியதுதான். ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் எதுவும் வரவில்லை. பல்லைப் பிடுங்கிய பிறகு மரத்துப்போன கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல அவ்வப்போது மனசைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். ஒன்றும் தெரியாது.

அப்படியிருக்கும்போதுதான் அந்த அலிப்பூர் ஆபீஸ் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. அனுப்பப்பட்டவள் நான்.

அதுவரை அங்கே இருந்தது ஒரு பழைய ஹப், எல்லாக் கம்ப்யூட்டர் வயரும் வந்து சேரும் பெட்டி. எந்த ஓட்டையில் யார் வயரைச் சொருகினாலும் வாங்கிக்கொள்ளும், கேள்வி கேட்காது. அதை எடுத்துவிட்டு, கட்டளை கொடுத்து நடத்தக்கூடிய ஸ்விட்சை வைக்க வேண்டும். இதில் ஒவ்வொரு ஓட்டைக்கும், அதாவது போர்ட்டுக்கும், பெயர் வைக்கலாம், திறக்கலாம், மூடலாம். யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறதோ அவர் மட்டும்தான் நுழைய முடியும். டெல்லித் தலைமை அலுவலகத்தின் உத்தரவு அது: இப்போது வேலையில் இருப்பவர்களின் மேஜைகள் தவிர மற்ற எல்லாப் போர்ட்டையும் மூடிவிட வேண்டும்.

உத்தரவை நான் படித்த அன்றே எனக்குத் தெரியும், அப்பாவின் மேஜை அதில் வராது என்று. சாப்பிடும்போது, அலிப்பூர் வேலை எனக்கு வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அப்பா ரசத்தைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டார்.

"அங்க வந்து அப்பான்னு கூப்பிடாதே. நீ வெண்டர். வெண்டர் வெண்டரா இருக்கணும். சொந்தக்காரான்னு தெரிஞ்சா நாலு பேர் நாலு விதமா பேசுவா."

"நீங்க இப்ப அங்க ஸ்டாஃபே இல்லையேப்பா."

"அதனால என்ன? ரூல் ரூல்தானே."

சிரிப்பு வர வேண்டிய இடம். அம்மா மோர் ஊற்றினாள்.

அந்த வேலைக்குப் போன அன்று காலை இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போனோம். இறங்கியதும் அவர் முன்னால் போய்விட்டார். நான் ஒரு டீ குடித்துவிட்டுப் பின்னால் போனேன். ஹாலின் ஒரு மூலையில் இரும்பு ரேக். அதன் முன்னால் ஸ்டூல் போட்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, வெளிர்நீலத்தில் தட்டையாக இருக்கும் அந்தக் கன்சோல் கேபிளின் ஒரு முனையை ஸ்விட்சிலும் மறுமுனையை லேப்டாப்பிலும் சொருகினேன். கறுப்புத் திரை, ஓரத்தில் துடிக்கும் ஒரு வெள்ளைக் கட்டம். எனக்கு அந்தத் திரை பிடிக்கும். படம் கிடையாது, பட்டன் கிடையாது. நான் சொன்னால் அது செய்யும், சொல்லாததைச் செய்யாது. மனிதர்களிடம் இந்த வசதி இல்லை.

டெல்லியிலிருந்து வந்திருந்த அதிகாரி என் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். என் வயதுதான் இருக்கும், ஹிந்திக்காரர், மரியாதையான பையன். பொரோபாபு எங்களுக்குப் பின்னால் நின்றார். அதிகாரி மேஜைகளின் வரைபடத்தைப் பார்த்து வரிசையாகப் பதவியைச் சொல்வார். நான் அந்தப் போர்ட்டுக்குள் போய், பெயரை டைப் செய்து, வேண்டிய கட்டளைகளைக் கொடுத்து, அடுத்ததற்குப் போவேன்.

இந்த ஸ்விட்சுகளிடம் ஒரு குணம் உண்டு. நாம் டைப் செய்வதை உடனே கேட்டு நடந்துவிடும். ஆனால் 'ரைட்' என்று ஒரு கட்டளை கொடுத்து எழுதிவைக்கச் சொல்லாவிட்டால், கரண்ட் போய் வந்ததும் அத்தனையையும் விட்டுவிட்டு, கடைசியாக எழுதிவைத்த நிலைக்கே திரும்பிவிடும். கல்கத்தாவில் கரண்ட் எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. போதாததற்கு அந்த ஆபீஸின் யூபிஎஸ் பேட்டரி செத்து நாளாகியிருந்தது, புது பேட்டரிக்கு ஃபைல் மேஜை மேஜையாக ஓடிக்கொண்டிருந்தது. அதனால் ஒவ்வொரு மேஜை வரிசை முடிந்ததும் 'ரைட்' அடித்துவிடுவது என் வழக்கம்.

மூன்று வரிசை முடிந்தது. மூன்று முறையும் எழுதிவைத்தேன். மிச்சம் ஜன்னல் பக்கத்துக் கடைசி மேஜை. இருபத்துமூன்றாம் போர்ட்.

"இங்கே யார்?" என்று அதிகாரி ஹிந்தியில் கேட்டார்.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவின் கீபோர்டு சத்தம் கேட்டது. அவர் எண்களை மட்டும் வேகமாக அடிப்பார், எழுத்துகளை ஒற்றை விரலால் தேடித் தேடி அடிப்பார்.

"ஓட்டா எம்னி," என்றார் பொரோபாபு. அது சும்மாதான் இருக்கிறது என்று அர்த்தம்.

அதிகாரி ஸ்விட்சைப் பார்த்தார். இருபத்துமூன்றின் பச்சை விளக்கு படபடவென்று மினுக்கிக்கொண்டிருந்தது. சும்மா இருக்கும் போர்ட்டில் விளக்கு மினுக்காது என்பது அவருக்கும் தெரியும். ஹாலைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலோரத்தில் நரைத்த தலை ஒன்று பில்லின் மேல் குனிந்திருந்தது. பொரோபாபு இருமினார்.

"ஒவ்வொரு ஆபீஸிலும் இப்படி ஒருவர் இருக்கிறார்," என்றார் அதிகாரி, குரலைத் தாழ்த்தி. கிண்டல் இல்லை. "எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போட வேண்டும். பந்த் கர் தீஜியே, மேடம்."

மூடுங்கள் என்கிறார். நான் 'ஷட்டவுன்' என்று டைப் செய்து என்டரைத் தட்டினேன். அந்த வார்த்தையை அன்று காலையிலிருந்து எத்தனையோ காலி மேஜைகளுக்கு அடித்திருந்தேன், விரலுக்கு அது பழகிப்போயிருந்தது. பச்சை விளக்கு அணைந்தது. எனக்கு எதுவும் தோன்றவில்லை. ரேக்கின் மேல் தட்டில் தூசி தடிமனாக இருக்கிறது, நாளை ஒரு துணி கொண்டுவர வேண்டும் என்று நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கீபோர்டு சத்தம் நின்றது. மறுபடி இரண்டு தட்டல். மறுபடி மௌனம். நாற்காலி நகர்ந்தது. அப்பா மூக்குக் கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். என்னைப் பார்த்து, வெளியாளிடம் பேசுவதுபோல வங்காளத்தில் சொன்னார்.

"மேடம், ஆமார் லைன்டா சோலே கேச்சே."

என்னுடைய லைன் போய்விட்டது. அவ்வளவுதான் சொன்னார். பொரோபாபு தரையைப் பார்த்தார். அந்த ஹாலில் இருந்த பழைய ஆட்கள் எல்லாருக்கும் நான் யார் என்று தெரியும், நான் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்தே துர்கா பூஜைக்கு என்னைப் பார்த்தவர்கள். தெரியாதவர் அதிகாரி ஒருவர்தான். அவருக்காக மற்ற எல்லாரும் சேர்ந்து நடித்துக்கொண்டிருந்தோம்.

"அந்த பாயின்ட் யாருக்கும் அலாட் ஆகலை, ஸார். மூடியாச்சு," என்றேன் நானும் வங்காளத்தில்.

"ஓ," என்றார் அப்பா. "டிக் ஆச்சே." சரி என்கிறார்.

திரும்பிப் போய், மேஜையில் பரப்பியிருந்த பில்களை அடுக்கினார். கயிற்றால் கட்டினார். கொண்டுவந்து பொரோபாபுவின் மேஜையில் வைத்தார். பிறகு தன்னுடைய நாற்காலிக்கே போய், ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

அதிகாரி எழுந்து எனக்கு நன்றி சொன்னார். அவருக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டிருந்தது. நான் நீலக் கேபிளைப் பிடுங்கிச் சுருட்டிப் பைக்குள் போட்டேன். இருபத்துமூன்றுக்கு அப்புறம் 'ரைட்' அடிக்கவில்லை. மறந்துவிட்டாய் என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். வேண்டுமென்றே விட்டாய் என்று சொன்னாலும் மறுக்க மாட்டேன். அந்த நேரத்தில் எனக்குள் யாரும் இல்லை, கைதான் வேலை செய்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அப்பா கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கேரியரைக் கழுவியிருந்தார். ஆபீஸ் குழாயில் கழுவிக் கொண்டுவருவது அவருடைய வழக்கம், இத்தனை வருஷத்தில் அம்மா அந்த டப்பாவைக் கழுவியதே இல்லை. டிவி ஓடியது. பார்த்தோம். மறுநாள் காலை அம்மா டப்பா கட்டினாள். அப்பா எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

எங்கள் ஆபீஸிலிருந்தே மோடம் வழியாக அந்த ஸ்விட்சுக்குள் நுழைந்து பார்க்க முடியும், பராமரிப்புக்காக அந்த வசதி. காலையில் போனதும் எல்லாப் போர்ட்டின் நிலையையும் ஒரு பார்வை பார்ப்பேன். மூன்று நிலைகள்தான் அதில் முக்கியம். வயரின் அந்தப் பக்கம் ஒரு மெஷின் உயிரோடு இருந்தால் 'கனெக்டட்'. நாம் மூடியது 'டிஸேபிள்டு'. போர்ட் திறந்திருந்தும் அந்தப் பக்கம் யாரும் மெஷினைப் போடவில்லை என்றால் 'நாட் கனெக்ட்'. இருபத்துமூன்று 'டிஸேபிள்டு' என்று இருந்தது. சரி, மூடினேன், மூடியிருக்கிறது. அப்பா லைன் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் போயிருக்கும். அலிப்பூர் பக்கம் காலையில் லோட்ஷெடிங். கரண்ட் வந்த பிறகு நான் உள்ளே போய்ப் பார்த்தேன். ஸ்விட்ச் விழுந்து எழுந்திருந்தது. எழுதிவைத்த மூன்று வரிசையும் ஒழுங்காக இருந்தன. இருபத்துமூன்றில் 'டிஸேபிள்டு' போய் 'நாட் கனெக்ட்' என்று இருந்தது.

திறந்துவிட்டது. அவர் மெஷினைப் போட்டால் போதும், லைன் வந்துவிடும். மற்றவர்கள் ஒவ்வொருவராக மெஷினைப் போட, போர்ட்டுகள் 'கனெக்டட்' ஆகிக்கொண்டு வந்தன. இருபத்துமூன்று அப்படியே இருந்தது. மத்தியானம் பார்த்தேன். மறுநாள் பார்த்தேன். அதற்கடுத்த நாளும்.

பொரோபாபுவுக்கு ஃபோன் செய்து, ஸ்விட்ச் எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். நன்றாக ஓடுகிறது என்றார். கொஞ்சம் நிறுத்தி, "உங்க அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா, மா?" என்று கேட்டார். "அன்னிக்கு அப்புறம் மொஷாய் வரவே இல்லையே."

அன்று காலையும் அப்பா கேரியரை எடுத்துக்கொண்டு போயிருந்தார். சாயங்காலம் கழுவிய கேரியரோடு திரும்பி வந்தார். அதில் ஒரு பருக்கை இல்லை. அவர் எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு, அவர் ஆபீஸில் இல்லை என்பதே தெரியாது. அப்போதுதான் எனக்குள் ஏதோ வந்தது. பயம் என்று சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை காப்பிப்பொடி வாங்க அவரோடு நானும் கிளம்பினேன். கடைக்காரர் கொட்டையை அரைத்துக்கொண்டிருந்தார். மெஷின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காது, அதனால் அங்கேயே சொன்னேன்.

"அப்பா, உங்க பாயின்ட் திறந்துதான் இருக்கு. கரண்ட் போயிட்டு வந்ததுல திறந்துண்டுடுத்து."

அவர் காசை எண்ணிக் கல்லாவில் வைத்தார். அரைத்த பொடி பொட்டலமாகி வந்தது, வாங்கிக்கொண்டார். தெருவில் இறங்கியதும், "அப்படின்னா நீ எழுதிவைக்கலையா?" என்று கேட்டார். எங்கள் வேலையைப் பற்றி நான் சாப்பாட்டு நேரத்தில் புலம்புவதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது.

"இல்லை."

"வேலையைப் பாதியில விட்டுட்டு வந்திருக்கே." கோபம் இல்லை, அந்தக் காலத்தில் என் கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிற குரல்தான்.

"நீங்க எங்கப்பா போறேள், தினமும்?"

"மெட்ரோல. டம்டம் வரைக்கும் போவேன். திரும்பி டாலிகஞ்ச் வருவேன். உள்ள ஃபேன் இருக்கு, உக்காரலாம். சாப்பாட்டுக்கு டம்டம்ல வெளில ஒரு பெஞ்ச் இருக்கு. பக்கத்துலயே குழாய்." ஒரு ரிக்‌ஷாவுக்கு வழி விட்டு ஒதுங்கினார். "நீ நாளைக்கு அதை மூடிடு."

"யாரும் பார்க்கப் போறதில்லைப்பா. அந்த ஆபீஸர் டெல்லி போயாச்சு. நீங்க போய் உக்காரலாம்."

"அதுக்குத்தான் சொல்றேன். திறந்திருக்குன்னு தெரிஞ்சா போகணும்போல இருக்கும். மூடியிருந்தா போகாம இருக்கலாம். புரியறதா? அரைகுறையா விடாதே. மூடி, எழுதியும் வெச்சுடு."

நான் தலையாட்டினேன். அவர் பொட்டலத்தை முகர்ந்து பார்த்து, சிக்கரி கொஞ்சம் தூக்கல் என்றார்.

திங்கட்கிழமை என் இடத்தில் உட்கார்ந்து உள்ளே நுழைந்தேன். இருபத்துமூன்றுக்கு அன்று நான் பெயரே வைத்திருக்கவில்லை. இப்போது அந்த இடத்தில் அவருடைய பழைய பதவியை டைப் செய்தேன்: சீனியர் அஸிஸ்டென்ட், பில்ஸ். அப்புறம் 'ஷட்டவுன்'. அப்புறம் 'ரைட்'. எழுதி முடித்துவிட்டு, ஓகே என்று அது பதில் சொன்னது. முதல் தடவை விரலுக்குப் பழகிப்போயிருந்த அந்த வார்த்தையை, இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாகத்தான் அடித்திருந்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, வேறொரு வேலையைப் பார்த்தேன்.

மறுநாள் எனக்குக் கரியாஹாட்டில் ஒரு கடையில் வேலை. வீடு பக்கம்தான் என்பதால் மத்தியானம் சாப்பிட வந்தேன். அப்பா வீட்டில் இருந்தார். குளித்து, சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டு, பெல்ட் போட்டு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் கேரியர் இருந்தது. அம்மா காலையில் வழக்கம்போலக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். அவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போகாமல் ஹாலில் போய் உட்கார்ந்திருக்கிறார். ஒரு மணி வரை காத்திருந்துவிட்டு இப்போது திறந்துகொண்டிருந்தார்.

"தட்டுல போடட்டுமா? குழம்பு சுடச்சுட இருக்கு," என்றாள் அம்மா.

"வேண்டாம். இதுவே இருக்கட்டும்."

நான் கை கழுவிவிட்டுத் தட்டோடு எதிரில் உட்கார்ந்தேன். அவர் தயிர்சாதத்தை ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டார். வீட்டில் அவர் ஸ்பூனால் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தலையைத் தூக்காமலே கேட்டார்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்பா."

"டிக் ஆச்சே," என்றார்.

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அத்தனை வருஷமும் வராமல் இருந்தது எல்லாம் அந்த ஒரு கவளத்தில் வந்து நின்றுகொண்டது. அவர் சாப்பிட்டு முடித்து, இரண்டு அடுக்கையும் எடுத்துக்கொண்டு எழுந்துபோய், சமையலறைக் குழாயில் கழுவினார். நன்றாக உதறினார். துடைத்து, அடுக்கி, கொக்கியை மாட்டி மேடைமேல் வைத்தார். அம்மா கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் எதையும் சொல்லியிருக்கவில்லை, அவரும் சொல்லியிருக்க மாட்டார்.

"நாளைக்கும் டப்பா கட்டணுமா?" என்று கேட்டாள்.

அப்பா யோசித்தார். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"கட்டு," என்றார்.